ஒரு நூல் உயரம்

பல் டாக்டர் சொந்தமாகக் கிளினிக் திறந்ததும், முதல் ஆளாக நாற்காலியில் ஏறி வாயைத் திறந்தவர் அவள் கணவர்தான். லிஃப்ட் மெக்கானிக். கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை. "என் பொண்டாட்டி கை பட்டதும் வலி போன இடம் தெரியல" என்று பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். வலியோ எங்கும் போகவில்லை, வாடகை இல்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தது.

பல்லோடு பல் பட்டால் உச்சந்தலைவரை சுரீரென்றது. உட்கார்ந்தால் நிற்கத் தோன்றியது, நின்றால் நடக்கத் தோன்றியது. கையில் இருந்த ஸ்பேனரையே வேலை செய்த இடமெல்லாம் தேடினார். சொல்லித் தொலைக்கலாம்தான். ஆனால் திறப்பு நாளன்றே அவள் சொல்லியிருந்தாள்: "முதல் கேஸே சொதப்பினா, கடைய மூடிட்டு பழைய இடத்துக்கே வேலைக்குப் போயிடுவேன்." அந்தப் பாவம் நமக்கு எதற்கு என்று வாயை மூடிக்கொண்டார். மூடினாலும் வலித்தது.

அவர் ஒரே பக்கமாக மெல்லுவதைச் சாப்பாட்டு மேசையில் அவள் கண்டுவிட்டாள். இழுத்துக்கொண்டு போய் எக்ஸ்ரே எடுத்தாள். படத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. அவள் முகம்தான் வெளுத்தது.

"இன்னொரு வேரை விட்டுட்டேனோ? பல்லுல விரிசல் இருக்குமோ?"

அந்தத் தவிப்பை அவரால் பார்க்க முடியவில்லை.

"நீ ஒண்ணும் விடலம்மா. அன்னிக்கு அடைச்சு முடிச்சிட்டு, கடிச்சா அடைப்பு உயரமா தட்டுதான்னு கேட்டியே? வாயே மரத்துக் கிடந்தது. உன் மனசு கோணக் கூடாதுன்னு சரியா இருக்குன்னுட்டேன்."

"மறுநாளும் கேட்டேனே!"

"அப்பவும் அதையேதான் சொன்னேன்."

அவளுக்கு வந்ததே கோபம்! "லிஃப்ட் தரைக்கு ஒரு நூல் மேல நின்னா, ஏன் முன்னாடியே சொல்லலன்னு குடியிருக்கறவங்களை வறுத்து எடுக்கறீங்க. நீங்க சொன்னீங்களா? கட்டினவர் சொல்றாரேன்னு காகிதம் வச்சுப் பாக்காம விட்ட என்னைச் சொல்லணும்."

வண்ணக் காகிதத்தைப் பல்லிடுக்கில் வைத்துக் கடிக்கச் சொன்னாள். அடைத்த இடத்தில் ஒரு புள்ளி மட்டும் அழுத்தமாகப் பதிந்தது. அதைத் தேய்த்துவிட்டாள். அவள் கை லேசாக நடுங்கியது.

"இப்ப?"

'பிரமாதம்' என்று சொல்ல நாக்கு துடித்தது. பாழாய்ப்போன நாக்கு. அதை அடக்கிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் தட்டுது" என்றார்.

"எங்க, காட்டுங்க" என்று அவள் மறுபடியும் குனிந்தாள். இப்போது கை நடுங்கவில்லை.