மாடிப்படியில் நின்ற அப்பா

அவன் மற்றவர்களின் வாழ்க்கையை எழுதிக் கொடுப்பவன். அட்டையில் அவர்கள் பெயர் இருக்கும். உள்ளே இருக்கும் சொற்கள் அவனுடையவை. ஒரு பல் மருத்துவர், பள்ளிக்கூடங்கள் நடத்திய ஓர் அம்மாள், ஓய்வு பெற்ற கால்பந்து நடுவர் எனப் பலர் அவன் கையால் ‘நான்’ என்று பேசியிருக்கிறார்கள். அந்த நடுவர், தன் புத்தகம் வந்ததும் அவனுக்கே ஒரு பிரதி கொடுத்து, “படிச்சுப் பாருங்க, மனசைத் தொடும்” என்றார்.

செவிலியரான மனைவி வேலைக்குக் கிளம்பியதும் சவரம் செய்து, சட்டை மாற்றிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்காருவான். லுங்கியோடு உட்கார்ந்தால் வாக்கியமும் தொளதொளவென்று வரும் என்பது அவன் கட்சி. பகலில் வீட்டில் இருப்பவன் சும்மா இருப்பவன்தான் என்ற நினைப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் கூரியர் பொட்டலங்களை அவன் தலையில் கட்டினார்கள். ஆட்கள் பேசிய பதிவைக் காதில் மாட்டிக்கொண்டே பாத்திரம் கழுவுவான். எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பான். அந்தப் பழக்கம் அப்பாவிடமிருந்து ஒட்டிக்கொண்டது. அப்பா ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தார். வீட்டிலும் “சாப்பிட வா, கமா, ஆறிப்போகுது, முற்றுப்புள்ளி” என்றுதான் கூப்பிடுவார்.

அப்பாவைப் பற்றி ஒரு நாவல் எழுத வேண்டும் என்பது அவனுடைய பல வருட ஆசை. விடியற்காலையில், கூலிக்கு எழுதும் எழுத்து தொடங்குமுன், அதில் கொஞ்சம் எழுதுவான். அதன் உயிர் ஒரு காட்சியில் இருந்தது. சிறு வயதில் ஜன்னல் வழியே அவன் பல நாள் பார்த்தது அது. வேலை முடிந்து வரும் அப்பா மாடிப்படியின் திருப்பத்தில் நிற்பார். கைக்குட்டையால் முகத்தைத் துடைப்பார். யாரும் இல்லாத சுவரைப் பார்த்து ஒருமுறை சிரித்துப் பார்ப்பார். அந்தச் சிரிப்பு சரியாக வந்ததும்தான் மேலே ஏறி வருவார்.

அப்படி இருக்கையில்தான் லிஃப்ட் முதலாளியின் வேலை வந்தது. மெக்கானிக்காகத் தொடங்கி ஊர் முழுக்க லிஃப்ட் மாட்டிய மனிதர். கம்பி, பிரேக், மோட்டார் என்றால் பேச்சு அருவி மாதிரி கொட்டும். சின்ன வயதைப் பற்றிக் கேட்டால் மட்டும் தண்ணீர் குடிப்பார். அப்பா மூட்டை தூக்கியவர், சீக்கிரம் போய்விட்டார், அவ்வளவுதான். அவருடைய மகள், அலுவலகத்தை நடத்துபவள், முதல் அத்தியாயத்தில் தாத்தாவே இல்லையே என்று குறைப்பட்டாள். நீங்களே ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். கெடு நெருங்கியது. அவன் ஒரு பகல் பொழுதில் தன் அப்பாவை மாடிப்படியோடு எடுத்து அங்கே நிற்க வைத்தான். கைக்குட்டையைத் தோள் துண்டாக மாற்றினான். படித்ததும் முதலாளி எப்படியும் அடித்து நீக்கிவிடுவார் என்றுதான் நினைத்தான்.

முதலாளி அந்தப் பக்கத்தில் ஓர் எழுத்தைக்கூட அடிக்கவில்லை. அடுத்த வாரம் அவன் போனபோது, அலுவலகத்துக்கு வந்த விருந்தாளியிடம் அதைத் தன் ஞாபகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். துண்டின் ஓரம் கிழிந்திருக்கும் என்று அவனுக்கே தெரியாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னார். விருந்தாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து விடியற்காலைகள் கெட்டுப்போயின. அவன் நாவலைத் திறந்தால் படியில் தெரிவது முதலாளி சொன்ன அந்தக் கிழிந்த துண்டு. அதை விரட்டினால் அப்பாவும் சேர்ந்து போய்விட்டார். நாளைக்கு நாவல் வந்தால், லிஃப்ட்காரர் புத்தகத்திலிருந்து சுட்டுவிட்டான் என்பார்கள். இல்லையென்றால், அவர் புத்தகத்தில் வரும் அப்பா பொய் என்று ஊருக்குச் சொல்ல வேண்டும். இரண்டும் அவனால் ஆகாது. மனைவியிடம் தலைவலி என்று சொன்னான். அவள் மாத்திரை கொடுத்தாள்.

அவன் எழுதும் புத்தகங்களுக்கு அக்காதான் மெய்ப்புப் பார்ப்பாள். அப்பாவின் தொழில் அவளுக்குத்தான் வந்தது. முதல் அத்தியாயம் போன அன்றே தொலைபேசியில் கூப்பிட்டாள். பிழைகளைச் சொன்னாள். பிறகு கொஞ்சம் நிறுத்தி, “பதினோராம் பக்கத்துல நிக்கிறது நம்ம அப்பாடா” என்றாள். எடுத்துவிடுகிறேன் என்றான். எடு என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

அவன் முதலாளியைப் பார்க்கப் போனான். கண்ணாடிக் கதவு போட்ட அறை. வெளியே மகள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்காமல், அந்தக் காட்சி தன் அப்பாவுடையது, அதை எடுத்துவிட வேண்டும் என்றான். முதலாளி கோபப்படவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“எனக்குத் தெரியாதா தம்பி? எங்க வீட்டுக்கு மாடியே கிடையாது.”

அவர் நாற்காலியை இழுத்து அவன் எதிரே உட்கார்ந்தார்.

“எங்க அப்பா முகமே எனக்கு ஞாபகம் இல்ல. ஒரு போட்டோ கூட இல்ல. இதைப் படிச்சதுக்கப்புறம்தான் அவருக்கு ஒரு முகம் வந்துச்சு. இப்ப அதையும் வாங்கிட்டுப் போறேங்கறீங்க.”

வேறு ஏதாவது எழுதித் தருகிறேன் என்றான். வேறு எதுவும் வேண்டாம் என்றார் அவர். மகளிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். கேட்ட விதம், ஒரு பொருளைக் கைமாற்றாகக் கேட்பவர் மாதிரி இருந்தது. அவன் படியிறங்கி வந்துவிட்டான்.

நேராக அக்கா வீட்டுக்குப் போனான். அவள் சிவப்புப் பேனாவோடு யாருடைய சட்டப் புத்தகத்தையோ திருத்திக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னான். என் கையால் நானே அப்பாவைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன், எனக்கு எழுத ஒன்றும் மிச்சமில்லை என்று புலம்பினான். அவள் பேனாவை மூடினாள்.

“அவர் சிரிச்சுப் பார்க்காம ஏறி வந்த நாளும் உண்டு. உனக்குத் தெரியுமா?”

தெரியாது என்றான்.

“நீ சின்னப் பையன், ஜன்னல்ல நின்னே. கதவைத் திறந்தது நான்.”

அவள் நிதானமாகவே சொன்னாள். அப்பாவுக்குப் பார்வை மங்கிக்கொண்டு வந்திருக்கிறது. அச்சகத்தில் பிழைகள் தப்பின. எல்லார் முன்னாலும் திட்டு வாங்குவார். சிரிப்பு வராத நாளில் யார் முதலில் எதிரே வருகிறார்களோ அவர்களுக்கு அடி. அதனால் அவள்தான் ஓடிப்போய்த் திறப்பாள், தம்பியோ அம்மாவோ திறக்கக் கூடாது என்று. ஒரு காது அவளுக்கு இன்றைக்கும் சரியாகக் கேட்காது. அவள் தொலைபேசியை எப்போதும் இடது பக்கமே வைத்துப் பேசுவது அவனுக்குப் பழகிய விஷயம். ஏன் என்று இத்தனை வருடமாகக் கேட்டதில்லை.

அவன் அவள் கையைப் பிடித்தான். அழுகை வந்தது. அழுதுகொண்டிருக்கும்போதே, எழுத்துக்காரன் மனசு எங்கே சும்மா இருக்கும், கதவைத் திறக்கும் சிறுமியிலிருந்து நாவல் தொடங்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு வாக்கியம் ஓடியது. அக்கா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எழுதாதே” என்றாள். “அது என்னோடது.”

முதலாளியிடம் கேட்டு வந்தது போதாதென்று, இத்தனை வருடம் அக்காவிடம் கேட்காததையும் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தான். அப்பாவின் ஒரு பாதி முதலாளியிடம் போய்விட்டது. மறுபாதி அக்காவுடையது. நடுவில் அவனுக்கு நிற்க இடமில்லை. பல நாட்கள் சவரம் செய்து, சட்டை போட்டு, மேசையில் உட்கார்ந்து, எதிர்ச் சுவரைப் பார்த்துவிட்டு எழுந்தான். கடைசியில் நாவல் காகிதங்களைக் கட்டி அலமாரியின் மேல்தட்டில் வைத்தான். கிழித்துப்போட மனம் வரவில்லை.

முதலாளியின் புத்தகம் அந்தக் காட்சியோடுதான் வந்தது. வெளியீட்டு விழாவில் அவர் அதை மேடையில் படித்தார், குரல் உடைந்தது. கடைசி வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். மற்றவர்களோடு சேர்ந்து அவளும் கை தட்டினாள். திரும்பும் வழியில் பேருந்தில், அவர் நல்லாத்தான் படிச்சார் என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வேலை ஒரு மருத்துவமனையை நிறுவிய அம்மையார். முதல் நாளே, சின்ன வயசைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, உங்களுக்குத் தோன்றுவதை அழகாக எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.

“இல்லம்மா. நீங்களே சொல்லுங்க” என்றான் அவன்.

அம்மையாருக்கு அது பிடிக்கவில்லை. மேசையில் இருந்த காகிதங்களை அடுக்கினார். கதவைப் பார்த்தார். அவன் பேனாவை எடுக்காமல், எந்தச் சொல்லையும் எடுத்துக் கொடுக்காமல், அவர் வாய் திறக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தான்.