மாநிறம், நீலச் சட்டை

பத்திரிகை ஆபீசில் எனக்குக் கத்திரி என்று பேர். நிருபர்கள் வளவளவென்று எழுதிக் கொண்டுவருவதை நாலு வரிக்குள் அடக்குவதுதான் என் வேலை. அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

நேற்றுக் காலையிலிருந்து அண்ணனைக் காணோம். வயது நாற்பது ஆனாலும் மனசு சின்னப் பிள்ளையாகவே நின்றுவிட்டது. தெருத்தெருவாகத் தேடி, போலீசிலும் சொல்லியாயிற்று. சாயங்காலம் விளம்பரப் பக்கத்தில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு மூலை வாங்கினேன். அம்மா என் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"யாராவது வேகமாப் பேசினா காதைப் பொத்திக்குவான்னு போடு. பசிச்சாலும் கேட்க மாட்டான், நாமதான் கொடுக்கணும். கையைப் பிடிச்சு இழுத்தா ஓடிடுவான்."

"அம்மா, இது விளம்பரம். கதை எழுத இடமில்லை."

என் விரல்கள் பழக்கதோஷத்தில் தட்டின. வயது நாற்பது. மாநிறம். நடுத்தர உயரம். நீலச் சட்டை. சற்று மனநலம் குன்றியவர். கேமராவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்பதால் படமும் சரியாக இல்லை. அடியில் என் போன் நம்பர். ஒரு சொல் கூடுதல் இல்லை என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது.

பேப்பர் வந்ததிலிருந்து போன் ஓயவில்லை. ரயில் நிலையத்தில் ஒருவர், ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர், பாலத்தடியில் ஒருவர். எல்லாரும் மாநிறம், எல்லாருக்கும் நீலச் சட்டை. பைக்கில் ஓடி ஓடிப் பார்த்தேன். ஒருத்தர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவரை யார் தேடுகிறார்களோ. நான் எழுதியது ஊரில் பாதிப் பேருக்குப் பொருந்தியது. அண்ணன் அதில் இல்லவே இல்லை.

வீட்டுக்கு வந்து நுழையும்போது மறுபடி போன். அம்மா வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

"பஸ் ஸ்டாப்ல ஒருத்தர் நிக்கிறாரும்மா. பேர் கேட்டா சிரிக்கிறாரு. நீங்க வர்ற வரைக்கும் எப்படி நிறுத்தி வைக்கிறது?"

"தொடாதீங்க தம்பி, பயந்துடுவான். முதல்ல பக்கத்துல போய் சும்மா உட்காருங்க. அவனா உங்களைப் பார்ப்பான், அப்ப நீங்க மெதுவா..."

"சுருக்கமாச் சொல்லுங்கம்மா. பஸ் வந்துடுச்சு, ஏறப் போறாரு."

அம்மா போனை என்னிடம் நீட்டினாள். "நீ சொல்லுடா. உனக்குத்தான் சுருக்கமா வரும்."

"சொல்லுங்க சார்" என்றார் அவர். எனக்கு ஒரு வாக்கியம்கூட வரவில்லை.