ஏறுபவர்: அப்பா

தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் மகளுக்குப் பொம்மை ட்ரோன் வாங்கிக் கொடுத்தால் என்ன நடக்குமோ, அதுதான் நடந்தது. பெட்டியைப் பிரித்து இரண்டு நாளாகியும் அது பறக்கவில்லை. அதிகாரி கையேடு படித்துக்கொண்டிருந்தார். பதினான்கு மொழிகளில் அச்சாகியிருந்த அதில் தனக்குத் தெரிந்த இரண்டையும் படித்து, ஒன்றுக்கொன்று முரண்படும் இடங்களைப் பென்சிலால் கோடிட்டார். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் சாக்பீஸால் கோடு கிழித்து, நாலாம் வகுப்பு படிக்கும் மகளைக் கோட்டுக்கு வெளியே நிறுத்தி, "முதல்ல அப்பா செஞ்சு காட்டறேன்" என்று ரிமோட்டைத் தானே வாங்கிக்கொண்டார்.

ட்ரோன் பதினோரு விநாடி பறந்தது. பிறகு வீட்டு ஓட்டுக்கூரையின் ஓரத்தில், மழைத் தண்ணீர் வடியும் தகரத்துக்குச் சற்று மேலே, இரண்டு ஓடுகளுக்கு நடுவில் போய்ச் சொருகிக்கொண்டது. கையேட்டில் கூரையைப் பற்றி எந்த மொழியிலும் ஒரு வரி இல்லை.

மகளின் அம்மா மருத்துவமனையில் பகல் ஷிஃப்டில் இருந்தாள். வீட்டில் இருந்திருந்தால் இந்தக் கதை ஒரு பத்தியில் முடிந்திருக்கும். அவளுக்குப் பதில் இருந்தவன் அவள் தம்பி. பழைய கார்களை வாங்கி விற்பவன். எந்தக் காரியமும் அவனுக்கு இரண்டு நிமிஷ வேலை.

"ரெண்டு நிமிஷ வேலை மாமா" என்று சொல்லிவிட்டு ஒட்டடைக் குச்சியை நீட்டினான். எட்டவில்லை. செருப்பைக் கழற்றி வீசினான். இப்போது கூரையில் இரண்டு பொருட்கள் இருந்தன.

"மச்சான், இதுக்குப் பேரு பாதுகாப்பற்ற செயல்" என்றார் அதிகாரி.

"ஓட்டினது நீங்க. அது பாதுகாப்பான செயலா?"

பக்கத்து வீட்டு பெயின்டர் சத்தம் கேட்டு அலுமினிய ஏணியோடு வந்தார். "நானே எடுத்துத் தரவா சார்?" என்றார்.

அதிகாரியின் வாய் 'சரி' என்று திறந்தது. அதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "வேணாம் அங்கிள். எங்கப்பா நூத்திருபது அடி சிம்னியிலயே ஏறுவாரு. எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும்."

பெயின்டர் அதிகாரியை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை மரியாதையோடு பார்த்தார். ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய்விட்டார்.

அதிகாரி தொழிற்சாலைச் சிம்னியில் ஏறியதில்லை. ஸ்டூலில் ஏறிப் பல்பு மாற்றுவதுகூட அந்த வீட்டில் மனைவிதான். உயரம் என்றால் அவருக்கு உள்ளங்கை வேர்க்கும், முழங்கால் தனியாக ஒரு முடிவெடுக்கும். தினமும் சாப்பிடும்போது "இன்னிக்கு சிம்னில வேலை, மேல ஒரே காத்து" என்பார். சொன்னதெல்லாம் உண்மை. 'மேலே நீ இருந்தாயா' என்று மகள் கேட்டதில்லை, அவரும் தெளிவுபடுத்தவில்லை. நான்கு வருடமாக அவள் கண் விரிவதைப் பார்த்தபடி சாப்பிட்ட மனிதருக்கு, அதைத் திருத்த நேரமே கிடைக்கவில்லை.

மைத்துனனை ஏற்றலாமே என்று கடைசியாக ஒரு யோசனை வந்தது. ஏணியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். தாங்கும் எடை நூறு கிலோ.

"மச்சான், நீ எவ்வளவு இருப்ப?"

"காலையிலயா, சாப்பிட்டப்புறமா?"

அந்த வழியும் அடைந்தது. பயந்த அதிகாரி செய்யக்கூடிய ஒன்றைச் செய்தார். வேலைக்குக் கொண்டுபோகும் பையிலிருந்து ஒரு படிவம் எடுத்தார். 'உயரத்தில் பணிபுரிவதற்கான அனுமதிச் சீட்டு.' இருபத்திரண்டு கேள்விகள். மகள் வாசித்து டிக் போட வேண்டும்.

"அருகில் அமிலத் தொட்டி உள்ளதா?"

"இல்ல."

"ஏணியைப் பிடிக்க ஆள் உண்டா?"

"நான் இருக்கேன்" என்று மைத்துனன் ஒற்றைச் செருப்போடு ஏணிக்கு வந்தான்.

இருபத்திரண்டும் முடிந்தன. எதுவும் தடுக்கவில்லை. 'ஏறுபவர்' என்ற இடத்தில் அவள் 'அப்பா' என்று எழுதினாள். ஏறுபவரே அனுமதி தரக்கூடாது என்பது விதி. ஆகவே 'அனுமதி தருபவர்' இடத்தில், நாக்கைக் கடித்துக்கொண்டு, தானே கையெழுத்துப் போட்டாள்.

அதிகாரி ஏறினார். முதல் நான்கு படிகளை ஒரு அதிகாரி ஏறினார். அடுத்த நான்கை யாரோ ஏறினார்கள். எட்டாவது படியில் நின்றார். நின்றார் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒட்டிக்கொண்டார். ட்ரோன் இடது பக்கம் ஒரு கை தூரத்தில் இருந்தது. அந்தக் கையை ஏணியிலிருந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

"மாமா, என்னாச்சு?"

"ஆய்வு பண்றேன்."

"எத?"

"சுவத்த." மூக்குக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு அங்குலம் இருந்தது. "காத்து வேகம் வேற அதிகமா இருக்கு."

கொடியில் காய்ந்த சட்டைகளில் ஒன்றுகூட அசையவில்லை. மைத்துனன் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவர் கெண்டைக்கால் நடுங்குவதைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். ஏணியை மார்போடு அணைத்துக்கொண்டான்.

மகள் சாக்பீஸ் கோட்டைத் தாண்டி வந்தாள்.

"அப்பா, உனக்கு பயமா இருக்கா?"

அவர் நெற்றியை ஏணிப் படியில் வைத்துக்கொண்டார்.

"ஆமாம்மா."

"சிம்னில?"

"சிம்னில நான் ஏறினதே இல்ல. ஆளுங்க ஏறுவாங்க. நான் கீழ நின்னு கையெழுத்து போடுவேன்."

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் திரும்ப வேண்டும். திரும்ப முடியாது. இத்தனை வருடமாக அவர் அதிகம் பயந்தது அந்த முகத்துக்குத்தான். உயரத்துக்கு இரண்டாம் இடம்.

கீழிருந்து அவள் குரல் வந்தது. "மேல போனவங்களுக்கு இப்படி ஆயிட்டா நீ என்ன பண்ணுவ?"

"பேசிட்டே இருப்பேன். திட்ட மாட்டேன். அவங்களுக்குத் தெரிஞ்சத ஏதாவது கேப்பேன். பதில் சொல்ல ஆரம்பிச்சா உடம்பு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்."

காகிதம் சலசலத்தது.

"அப்பா, இதுல ஏழாவது கேள்வி. மூன்று புள்ளிப் பிடிப்புன்னா என்ன? ரெண்டு கை, ஒரு கால்தான?"

"அது மட்டும் இல்லம்மா..." என்றார் சுவரிடம். தப்பான பதிலைத் திருத்தாமல் விட்டு அவருக்குப் பழக்கமில்லை. "ரெண்டு காலும் ஒரு கையும்கூட மூணுதான். மிச்சமிருக்கற கை வேலைக்கு. எப்பவும் ஒரு கை இப்படி—"

தொழிலாளர்களுக்குப் பாடம் நடத்தும்போது அவர் இடது கை தானாக எழும். இருபது வருடப் பழக்கம். எழுந்தது. எழுந்ததை அவரே ஆச்சரியத்தோடு பார்த்தார்.

"அப்படியே நீட்டுங்க மாமா" என்றான் மைத்துனன், தூங்குகிற குழந்தையிடம் பேசுகிற குரலில்.

விரல்கள் ட்ரோனைத் தொட்டன. ஓடு ஒருமுறை கீச்சிட்டது. எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

"அப்படியே என் செருப்பையும்..."

"மாமா!" என்று மகள் அதட்டினாள். செருப்பு அங்கேயே இருந்தது.

இறங்குவதுதான் பெரும்பாடு. கண்ணுக்குத் தெரியாத படியைக் கால் தேடியது. மைத்துனன் ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு மறு கையை உயர்த்தினான். கைக்கு எட்டிய படியிலிருந்து, அவர் குதிகாலைப் பிடித்து ஒவ்வொரு படியிலும் வைத்தான். பன்னிரண்டு வருடமாக மாமாவைக் கிண்டல் செய்து வளர்ந்த வாய், "இதோ படி... இதோ படி..." என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மகள் கீழிறங்கும் எண்ணிக்கையைச் சத்தமாகச் சொன்னாள்.

தரை வந்த பிறகும் அவர் ஏணியை விடவில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு திரும்பினார். மகள் முகம் எப்போதும் இருக்கிற மாதிரிதான் இருந்தது.

"கிளாஸ்ல இனிமே என்ன சொல்றது?" என்று கேட்டாள்.

"உள்ளதச் சொல்லும்மா."

அவள் யோசித்தாள். "எங்கப்பாவுக்கு ரொம்ப பயம். ஆனாலும் ஏறுவாருன்னு சொல்றேன்."

"ஏறினாருன்னு சொல்லு" என்றார் அப்பா. "ஒரு தடவை. எட்டுப் படி."