கனகலிங்கம் போட்ட முடிச்சு

பாய்மரப் போர்க்கப்பலுக்கு ஆள் பிடிக்கும் படை லண்டன் பிளேஸ்டோவில் கனகலிங்கத்தின் கதவைத் தட்டியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, குப்பை வண்டி போன கையோடு. படை புதிதல்ல. இருநூறு வருடம் ஓய்ந்திருந்துவிட்டு, நவம்பர்தோறும் நீலக் கோட்டும் தடியுமாக பஸ்ஸில் வந்து, அட்டையைத் தட்டி ஏறி இறங்கி, கடல்தொழில் தெரிந்தவர்களை மட்டும் கொண்டுபோகத் தொடங்கி ஆறு வருடமாகிறது. போனவர் எவரும் திரும்பியதில்லை. யாழ்ப்பாணத்து மீன்பிடி ஊர்களான குருநகர், மயிலிட்டிக்காரர்கள் அந்த மாதம் முழுவதும் ஹரோவில் உறவினர் வீடுகளில் தங்கிவிடுவார்கள். கனகலிங்கம் ஒளியவில்லை. அவர் சாவகச்சேரியில் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதும் கிளாக்காக இருந்தவர். ஆனால் இந்த வருடம் படை தேடியெடுத்த அவருடைய அகதிக் கோப்பு வேறு சொன்னது. கிளாக்குக்கு உயிராபத்து என்றால் யார் நம்புவார்கள் என்று, தொண்ணூற்றொன்பதில் அவரை லண்டனுக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரன் மயிலிட்டி மீனவராக்கியிருந்தான். மீன்பெயர், காற்றின் பெயர், கயிற்று முடிச்சு எல்லாம் மூன்று வாரம் பாடமாக்கி, விசாரித்த அதிகாரியின் மேசையிலேயே முடிச்சுப் போட்டுக் காட்டித்தான் அகதிப் பத்திரம் வாங்கினார். அந்தப் பத்திரத்தை நம்பித்தான் மனைவி நகுலேஸ்வரி வந்தாள், மகள் கம்சிகா பிறந்தாள்.

படையின் லெப்டினன்ட் அந்தக் கோப்போடு சோபாவில் இருந்தான். விதிப்படி தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர், ஓர் இந்தியத் தமிழ்ப் பெண். "சார், நீங்க கடல் தொழில் பார்த்தவர்தானான்னு கேக்குறாங்க. இல்லைன்னா பழைய வாக்குமூலம் பொய்னு எழுதிடுவாங்களாம். குடும்பத்தோட திருப்பி அனுப்பிடுவாங்களாம்."

"இல்லையெண்டு சொல்லுங்கோவன்," என்றாள் நகுலேஸ்வரி. "கீரிமலைக் கேணியிலயே இடுப்புக்கு மேல இறங்காத மனுசன். நீந்தக்கூடத் தெரியாதே!"

"கப்பல்ல நீச்சல் தேவையில்லையாம், மேடம்," என்றது தொலைபேசி.

"இஞ்சேரும், இல்லையெண்டு சொன்னா மூண்டு பேரும் ஊருக்குத் திரும்பிப் போகோணும்," என்றார் கனகலிங்கம். "இப்ப நான் மட்டும்தானே."

லெப்டினன்ட் ஒரு முழக் கயிற்றை நீட்டினான். கனகலிங்கம் அதை மடியில் வைத்து முடிச்சுப் போட்டார். இருபத்துமூன்று வருடமாகியும் கை மறந்திருக்கவில்லை. லெப்டினன்ட் இழுத்துப் பார்த்துத் தலையசைத்தான்.

கப்பல் அன்று மத்தியானமே தேம்ஸில் பாய் விரித்தது. மறு வருடம் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் தகப்பனின் தொழில் மாலுமி என்று கம்சிகா எழுதினாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. குசினிக் குழாயில் மட்டும் கடல்தண்ணீர் வரத் தொடங்கியிருந்தது. கப்பலுக்கு ஆள் போன வீடுகளில் அது வழமைதான், திருத்த ஏலாது என்று சொல்லிவிட்டு பிளம்பர் போய்விட்டார். நகுலேஸ்வரி கறிக்கு உப்புப் போடுவதை நிறுத்திக்கொண்டாள்.