கொரியாமாவுக்குப் போன எண்ணெய் ரயில்

கடல் பொங்கி ஊர்களை அடித்துப்போய்ப் பதினைந்து நாள். நிட்சு நிலையத்தில் எஞ்சினில் ஏறப்போன நேரம், கடலோர ஊரான சோமாவிலிருந்து அத்தான் அழைத்தார்.

"அக்கா கெடச்சுட்டா, தம்பி. பள்ளிக்கூட ஹால்ல வெச்சிருக்காங்க."

"சரிங்க அத்தான்."

"எரிக்க எண்ணெய் இல்லையாம். இப்போதைக்கு, நாளைக்கு மண்ணுலதான் பொதைக்கப் போறாங்க."

"நான் எண்ணெய் ரயில்தான் ஓட்டறேன்."

"இங்க வருதா?"

"இல்ல. கொரியாமா வரைக்கும்தான்."

கிழக்குப் பக்கத் தண்டவாளம் அறுந்து கிடந்தது. அதனால்தான் தீவின் மேற்குப் பக்கம் சுற்றி, மண்ணெண்ணெயும் டீசலும் நிரம்பிய பத்து எண்ணெய் வண்டிகளை மலைப்பாதையில் இழுத்துப் போனோம். கூட வந்த ஓட்டுநர் ஹொசகா வழக்கம்போல் வாயாடினான்.

"மூஞ்சியப் பாத்தா மூணு நாளா தூங்காதவனாட்டம் இருக்கே. கண்ண மூடினே, பனியில தள்ளிவிட்டுருவேன்."

"தள்ளு" என்றேன்.

ஏற்றத்தில் பனி கொட்டியது. சக்கரங்கள் வழுக்கிச் சுழன்றன. ரயில் நின்றுவிட்டது. இறங்கித் தண்டவாளத்துப் பனியை வழித்தேன். சக்கரம் வழுக்காதிருக்க, எஞ்சினிலிருந்த மணலைக் கையால் அள்ளித் தூவினேன்.

"கையுறை எங்கய்யா?" ஹொசகா கத்தினான்.

விரல்கள் சிவந்திருந்தன. குளிரவில்லை. பின்னாலிருந்து இன்னொரு எஞ்சின் வந்து முட்டித் தள்ளிய பிறகுதான் மலை ஏறினோம்.

மூன்று மணி நேரம் தாமதமாகக் கொரியாமா சேர்ந்தோம். லாரிகள் வரிசையில் காத்திருந்தன. முதல் லாரிக்காரரிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன்.

"சோமாவுக்கு."

"தகனக் கூடத்துக்குக் குடுப்பாங்களா?"

"மொதல்ல ஆஸ்பத்திரிக்கு. அப்புறம் முகாமுக்கு. குளிர்ல கெடக்குறவங்களுக்கே பத்தாதுங்க."

"ஆமா" என்றேன். அவர் சொன்னது நியாயம்தான்.

கேட்டுக்கொண்டிருந்த ஹொசகா அருகே வந்தான். "யாரு?"

"அக்கா."

"கெளம்பறப்பவே தெரியுமா?"

"ம்."

அவன் தன் சோற்று உருண்டையை நீட்டினான். "தின்னு." தின்றேன். என்ன ருசி என்று தெரியவில்லை.

மறுநாள் அக்காவைப் புதைத்தபோது, காலி வண்டிகளோடு மலை இறங்கிக்கொண்டிருந்தேன். அதற்கடுத்த நாள் மறுபடி எண்ணெய். கிழக்குப் பாதை சரியாகும்வரை ஓட்டினேன்.

ஐந்து மாதம் கழித்து, ஆகஸ்டில் அக்காவைத் தோண்டியெடுத்து முறைப்படி எரித்தார்கள். எங்கள் வழக்கப்படி அத்தானும் நானும் ஒரே எலும்பைக் குச்சிகளால் இரண்டு பக்கமும் பிடித்து ஜாடிக்குள் வைத்தோம். அவர் தோள் குலுங்க அழுதார். எனக்கு வரவில்லை. ஜாடி கனமாக இருந்ததால், வீடுவரை நானே சுமந்தேன்.