டிகிரி சார் குளிக்கும் இடம்

மீன்குஞ்சுகள் மல்லாந்து மிதந்துகொண்டிருந்த நேரத்தில், அதற்குக் காரணமான மனிதர் போனில் சிரித்துக்கொண்டிருந்தார்.

“ஏம்மா குஞ்சுராணி, ஜலதோஷம் உன் மீனுக்கா, உனக்கா?”

ஆற்றங்கரையில் மீன்குஞ்சுப் பண்ணை வைத்திருக்கும் அவளுக்குக் குஞ்சுராணி என்று பட்டம் சூட்டியதே அவர்தான். அக்கா வீட்டுக்காரர். ஆற்றின் மேலே இருக்கும் நீர்மின் நிலையத்துக்குத் தலைமைப் பொறியாளர். வாயைத் திறந்தால் இத்தனை டிகிரி, அத்தனை டிகிரி என்பதால் ஊழியர்கள் அவரை ‘டிகிரி சார்’ என்பார்கள். தன் படிப்புக்குக் கிடைத்த மரியாதை என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். நம்பிவிட்டுப் போகட்டும், செலவா என்ன?

“விளையாடாதீங்க அத்தான். விடியக்காலைலேர்ந்து ஆத்துத் தண்ணி சில்லுனு வருது. அடி ஷட்டரைத் திறந்துட்டீங்களா?”

“திறந்தா என்ன? போர்டுல இருபத்தாறு டிகிரி காட்டுது. இது அரசாங்கத் தெர்மாமீட்டர். உன்னோடது காய்ச்சல் பார்க்கிறது.”

போன் வைக்கப்பட்டது.

அணைக்குள் நிற்கும் கோபுரத்தில் மேலே, நடுவே, அடியிலே என்று மூன்று ஷட்டர்கள். வெயில் காலத்தில் நீர்த்தேக்கம் மாடி வீடு மாதிரி ஆகிவிடும். மாடியில் இளஞ்சூடு, கீழ்வீட்டில் வெயிலையே பார்க்காத குளிர். எந்த ஷட்டரைத் திறக்கிறார்களோ அந்தத் தண்ணீர்தான் டர்பைனைச் சுற்றிவிட்டு ஆற்றுக்கு வரும். குஞ்சு வளரும் பருவத்தில் மேல் ஷட்டர் என்பது நிலையத்தின் சொந்த விதி.

ஆனால் மேல் ஷட்டரில் இலையும் சுள்ளியும் வந்து கம்பி வலையை அடைக்கும். வார வேண்டும். இன்றைக்குப் பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார். அவர் கண்ணில் குப்பை படலாமா? மேலே மூடு, அடியிலே திற! நாலு கூடை இலை வாரச் சோம்பல்பட்டு ஒரு ஆற்றையே குளிர்பதனப் பெட்டியாக்கிய மேதை.

அவள் ஆற்றிலிருந்து தொட்டிகளுக்கு வரும் மதகை அடைத்தாள். குளிர் நின்றது. ஆனால் புதுத் தண்ணீர் வராத தொட்டியில் குஞ்சுகள் சாயங்காலம்வரை மூச்சுப் பிடிக்கலாம், அதற்குமேல் பிடிக்காது. திறந்தால் குளிரில் சாவு. மூடினால் மூச்சு முட்டிச் சாவு.

ஒரு வாளி ஆற்றுத் தண்ணீரை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு பறந்தாள்.

பார்வையாளர் மாடத்தில் பெரிய அதிகாரி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். விருந்தாளிகளுக்குக் காபி ஊற்றவென்றே வரவழைக்கப்பட்டிருந்த அக்கா, பிளாஸ்க்கும் கையுமாக நின்றாள். நடுவில் அத்தான், இஸ்திரி கலையாமல்.

“தண்ணியைத் தொட்டுப் பாருங்க” என்று வாளியை நீட்டினாள்.

அத்தான் ஒரு விரலை விட்டார். முகம் மலர்ந்தது.

“சார், நீங்களும் பாருங்க. வெந்நீர்! இதைத்தான் என் மச்சினி ஐஸுங்கிறா.”

வழியெல்லாம் வெயில். வாளி அவளுக்குத் துரோகம் செய்திருந்தது. அதிகாரி விரலை நனைத்துப் பார்த்துவிட்டுப் பரிதாபமாகச் சிரித்தார். அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மாடத்தின் ஓரத்துக்குப் போய்க் கீழே பார்த்தாள். டர்பைன் தண்ணீர் நுரைத்து ஓடும் கால்வாய். கரையோரம், சுவரை ஒட்டி, ஒரு குழாய்த் தண்ணீர் விழும் இடத்தில், போர்டுக்கு டிகிரி சொல்லும் தெர்மாமீட்டரின் இரும்புக் கம்பம். அதில் பூப்போட்ட துண்டு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் சோப்பு டப்பா.

“அக்கா... அது யார் துண்டு?”

“உங்க அத்தானோடதுதான்டி. தினம் காலைல அங்கதானே குளியல்? ஜெனரேட்டர் சூட்டைத் தணிச்ச தண்ணி அந்தக் குழாய் வழியா விழுதாம், சுகமா இருக்காம். பல்லு விளக்கும்போதே டிகிரி பார்க்கணும்னு போன மாசம் அந்தக் கம்பத்தையும் அங்கேயே மாத்திக்கிட்டாரு.”

குழாயும் அவருடையது, தெர்மாமீட்டரும் அவருடையது. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கத்தான் ஆளில்லை.

அவள் திரும்பினாள். குரலில் இப்போது தேன் வழிந்தது.

“சார், ரொம்ப வேர்க்குது உங்களுக்கு. கீழ போய்க் காலை நனைச்சுக்கலாமே? அத்தான் தயவுல வெதுவெதுன்னு இருக்கும்.”

“தாராளமா!” என்றார் அத்தான். படியில் முன்னால் ஓடி, துண்டைச் சுருட்டிப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டார்.

அதிகாரி ஷூவைக் கழற்றிக் கம்பத்தருகே காலை விட்டார். “அட, நிஜமாவே சூடு!”

“நான் சொன்னேனே சார்!”

“இந்தப் பக்கமும் பாருங்க சார்” என்று குழாய்க்கு மேற்புறமாக, தண்ணீர் வரும் திசையில் கைகாட்டினாள் அவள். “அங்க குழாய் கிடையாது. ஆறு மட்டும்தான்.”

அதிகாரி நாலடி நகர்ந்து, முழங்கால்வரை இறங்கினார்.

“ஐயோ!”

அந்தப் பதவிக்குப் பொருந்தாத சத்தம். ஒற்றைக் காலில் குதித்துப் படியேறி, டிகிரி சாரைப் பார்த்தார். அந்தப் பார்வையின் டிகிரியை எந்தப் போர்டும் காட்டாது.

“ஏன்யா, நீ ஆத்தை அளக்கிறியா, இல்ல உன் குளியலறையை அளக்கிறியா?”

“சார், அது வந்து... தொழில்நுட்பக் காரணங்களால...”

“சோப்பு டப்பாவும் தொழில்நுட்பமா? மேல் ஷட்டரைத் திற, போ!”

“ஒரேயடியா மேலே வேணாம் சார்” என்றாள் அவள். “முதல்ல நடு ஷட்டர். கொஞ்சம் கொஞ்சமா மேலே. இல்லேன்னா மிச்சமிருக்கிற குஞ்சும் சூட்டுல போயிடும்.”

“இந்தம்மா சொல்றபடி செய்.”

இஸ்திரிச் சட்டை கசங்க, டிகிரி சார் கோபுரத்தை நோக்கி ஓடினார். பாக்கெட்டிலிருந்து துண்டு பூப்பூவாக எட்டிப் பார்த்தது. பிளாஸ்க்கைத் தரையில் வைத்துவிட்டு அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெயில் சாயும்போது பண்ணைக்கு ஆற்றுத் தண்ணீர் கையைக் கடிக்காமல் வந்தது. அவள் மதகைத் திறந்தாள். இரண்டு தொட்டி அடியோடு போயிருந்தது. மற்றவற்றில் குஞ்சுகள் தண்ணீர் விழும் மூலைக்கு முண்டியடித்தன. அப்போதுதான் அவள் உட்கார்ந்தாள்.

போன் அடித்தது.

“பார்த்தியா குஞ்சுராணி? அத்தான் ஒரு வார்த்தை சொன்னா ஆறே கேட்குது! அதிகாரிகிட்ட உனக்காக எவ்வளவு போராட வேண்டியிருந்துச்சு தெரியுமா? நன்றியா நமக்கு ஏதாவது மீன் கீன் உண்டா?”

“இல்லாமலா? ரெண்டு தொட்டி நிறைய இருக்கு அத்தான். நாளைக்குக் காலைல கொண்டு வர்றேன்.”

“வீட்டுக்கா?”

“எதுக்கு வீட்டுக்கு? நீங்க குளிக்கிற இடத்துக்கே.”