பிழை என்று குறித்த கதவு

மாலை நேர இலக்கிய வகுப்பில் எங்களுக்குப் பாடமாக வைத்திருப்பது ஒரு பழைய பேய்மாளிகை நாவல். கதாநாயகி வண்டியிலிருந்து இறங்கி வாசலைத் தொடுவதற்குள் எனக்கு ஒரு மாதம் ஓடிவிட்டது. வெள்ளிக்கிழமை அதைப் பற்றி நான் வகுப்பில் பேச வேண்டும். பேச எதுவும் இல்லாததால், வகுப்பை விட்டே நின்றுவிடலாம் என்றிருந்தேன். எனக்கு இதெல்லாம் சரிப்படாது என்று முதல் நாளே தோன்றியதுதான்.

ஞாயிறு மதியம், துணி மடித்துக்கொண்டிருந்த அக்காவிடம் சொன்னேன். அவள் நான் படிப்பதையே கவனித்தாள். அச்சகத்தில், மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் விவரச் சீட்டுகளுக்குப் பிழை பார்ப்பது என் வேலை. வரிக்குக் கீழே அளவுகோலை வைத்து மற்றதை மறைத்துவிடுவேன். அந்த வரி சரியாக இருந்தால்தான் அளவுகோல் இறங்கும். நாவலையும் அப்படித்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

"ஏண்டி, இந்தக் கதைய சாப்பாட்டுக்கு முன்னாடி எடுத்துக்கணுமா, பின்னாடியா?" என்றபடி அளவுகோலைப் பிடுங்கிக்கொண்டாள். "சத்தமா படி. புரியலேன்னா நிக்காத, போய்க்கிட்டே இரு."

சில பக்கம் பின்னால் போய் மறுபடி படித்தேன். ஒரு வாக்கியம் அரைப் பக்கத்துக்கு நீண்டது. கதாநாயகி மெழுகுவத்தியோடு நடக்கிறாள், தாழ்வாரம் திரும்புகிறது, மறுபடி திரும்புகிறது, வாக்கியமும் முடியவில்லை. அது எங்கே போய் முடியும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதற்காகத்தான் இவ்வளவு நீளம் என்று அப்போதுதான் உறைத்தது. என் குரல் தானாகவே தணிந்தது.

மாடியறைக் கதவு திறந்திருந்தது என்ற இடத்தில் ஓரத்தில் என் பென்சில் கேள்விக்குறி இருந்தது. முந்தைய பக்கத்தில் கதாநாயகியே அதைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாளே, ஆகவே பிழை என்று போன வாரம் குறித்து வைத்திருந்தேன்.

அக்காவின் கையில் ஒரு சட்டை பாதி மடிப்பில் நின்றது.

"அப்போ தெறந்தது யாரு?" என்றாள்.

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மொட்டைமாடியில் இன்னும் துணி காய்கிறது, நீயும் கூட வா என்றாள். இதுவரை ஒருநாளும் என்னைக் கூப்பிட்டதில்லை. நானும் கேலி செய்யவில்லை. படியேறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் அந்தக் கேள்விக்குறியைப் பற்றி மட்டுமே பேசினேன். பேசியது போதுமா என்று தெரியவில்லை. ஆசிரியை புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தைப் பார்த்தார், அழித்துவிடாதே என்றார். நிற்கப்போகிறேன் என்று நானும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபோது துணியெல்லாம் மடிக்காமல் குவிந்து கிடந்தது. மீதிக் கதையைக் கேட்க அக்கா எனக்காகக் காத்திருந்தாள்.